நானோக்குழாய்: குள்ளனும் குழியும்

டைட்டானியா என்னும் டைட்டானியம் ஆக்சைடால் ஆன மிகச் சிறு குழாய்க்கு ‘டைட்டானியா நானோக்குழாய்’ என்று பெயர். அந்தப் பெயருக்குள் ஒரு பூதமும் ஒரு குள்ளனும் இருக்கிறார்கள். டைட்டானியம், கிரேக்கத் தொன்மத்தின் பூதங்களான டைட்டன்கள் நினைவாக 1795இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் வைத்த பெயர். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைட்டு, இந்த உலோகத்தின் தாதுதான். ‘நானோஸ்’ என்றால் கிரேக்கத்தில் குள்ளன். 1960இல் அது நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் அதிகாரபூர்வ அளவை முன்னொட்டானது.

இதைத் தமிழில் ‘நுண்குழாய்’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது சரிப்படவில்லை. நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று ‘மைக்ரோ’வுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தாயிற்று, நானோ அதிலும் ஆயிரம் மடங்கு சிறியது. ‘மீநுண்’ பொருந்தும், ஆனால் புழக்கத்தில் வென்றது ‘நானோ’தான். (‘நானோ குழாய்’ என்று பிரித்தெழுதினால், ‘நீயா, நானா’ என்று கேட்பதுபோல் ஆகிவிடும். ஒற்று மிகட்டும்.)

குழாய்தான் அருமையான சொல். குழி, குழல், குழாய் மூன்றும் உள்ளே குடைவானதைக் குறிக்கும் ஓரினச் சொற்கள். இந்தக் குழாய்கள் பிறப்பதும் அப்படியே. டைட்டானியத் தகட்டை நேர்மின்வாயாக வைத்து, ஃபுளோரைடு கலந்த கரைசலில் மின்னழுத்தம் கொடுத்தால், மேலே ஆக்சைடுப் படலம் படியும். ஃபுளோரைடு அதை அரித்துக் குழி பறிக்கும். குழி ஆழ்ந்து குழாயாகும். அடிப்பக்கம் மூடியே இருக்கும். விட்டத்தை மின்னழுத்தம் தீர்மானிக்கிறது.

புதிதாக உருவான குழாயில் அணுக்களுக்கு ஒழுங்கு கிடையாது, மின்சாரமும் தடுமாறித்தான் போகும். சூளையில் சுமார் 450 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி ஆறவிட்டால் அனடேஸ் என்னும் படிக வடிவமாகிக் கடத்தல் மேம்படும். அப்போதும் அது 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி கொண்ட குறைகடத்திதான். ஹைட்ரஜன் பட்டால் மின்தடை பன்மடங்கு சரியும். வாயு உணரிக்கு அதுதான் மூலதனம். வலிமையில் கெட்டி ஆக்சைடுக்கு ஈடாகாது. உள்ளே காலியாக இருப்பதால் எளிதில் வளைந்துகொடுக்கும். கூரிய முனையால் அழுத்தினால் சுவர்கள் நொறுங்கி அடர்ந்துவிடும்.

டைட்டானியா ஓர் ‘உலோக ஆக்சைடு’. ஈழத்தில் அது ‘உலோக ஒட்சைட்டு’. ‘மாழை’ உலோகத்துக்கான பழந்தமிழ்ச் சொல், தனித்தமிழ் எழுத்தில் இன்னும் உண்டு.

‘குழாய்’ என்ற சொல்லில் ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். 1998இல் ஜப்பானில் கசுகா குழுவினர் காரக் கரைசலில் டைட்டானியாவை வேகவைத்து எடுத்த குழாய்கள் குடைந்து பிறந்தவையல்ல. தாள்போன்ற மெல்லேடுகள் பாய்போல் சுருண்டு உண்டானவை. அவற்றை ‘நானோச்சுருள்’ என்றே சொல்லலாம்.