தண்ணீர் முள் நடுவில், ஆயில் முள் உச்சியில்

2009 மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்த நிசான் 370இசட் காரை ரேஸ் டிராக்கில் விரட்டியவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சில சுற்றுகள் கார் பறக்கும். ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் சாதுவாக நடுவிலேயே நிற்கும். திடீரென்று வேகம் படுத்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் அதற்கு மேல் சுழல மறுக்கும். எதுவும் உடைந்திருக்காது. ஆயில் சூட்டைக் காட்டும் இன்னொரு முள்ளைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அது 280 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 138 டிகிரி செல்சியஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். எஞ்சினைக் காப்பாற்றக் காரின் கணினியே சுழற்சிக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது.

3.7 லிட்டர், ஆறு சிலிண்டர், 332 குதிரைத்திறன். இத்தனையும் இருந்தும் தொடக்கத்தில் விற்ற கார்களில் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் இல்லை. வாங்கியவர்கள் வெளியில் தேடிப் பிடித்துத் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். பிற்பாடு சில மாடல்களில் நிசானே அதைப் பொருத்தித் தந்தது.

தண்ணீர் இதமாக இருக்கும்போது ஆயில் மட்டும் ஏன் கொதிக்க வேண்டும்? எஞ்சினில் தண்ணீர் போகும் இடங்கள் குறைவு. சிலிண்டர் சுவரைச் சுற்றியும் அதன் தலைப்பகுதியிலும் ஓடும், அவ்வளவுதான். பிஸ்டனின் அடிப்பக்கம், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட், அதைத் தாங்கும் பேரிங்குகள் எல்லாம் ஆயிலின் ராஜ்ஜியம். அங்கே வழுக்கலைக் கொடுப்பதும் ஆயில்தான், சூட்டை அள்ளிக்கொண்டு வருவதும் ஆயில்தான்.

போதாததற்கு ஆயில் தானே சூட்டை உண்டாக்கவும் செய்கிறது. பேரிங்குக்குள் சுழலும் தண்டு ஆயில் படலத்தை இழுத்துப் பிசைகிறது. அந்த உராய்வில் பிறக்கும் சூடு சுழற்சி வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் போகும் எஞ்சினை டிராக்கில் 7,000-க்கு ஏற்றினால், வேகம் மூன்று மடங்குகூட ஆகவில்லை. ஆனால் மற்றவை மாறாதிருந்தால் இந்தப் பிசையும் சூடு ஏறத்தாழ எட்டு மடங்கு. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிப் போகிறவருக்கு இந்த 138 டிகிரிக் கதை தெரியாமலே போவதற்கு இதுவே காரணம்.

சரி, ஆயில் சூடானால் என்ன குடி முழுகிப்போகும்? எண்ணெய்ப் பாட்டிலைச் சாய்த்தால் சோம்பலாக இறங்கும் எண்ணெய், காய்ந்த தோசைக்கல்லில் பட்டதும் தண்ணீராக ஓடுகிறதல்லவா? எஞ்சினுக்குள்ளும் அதே கதைதான். வழக்கமான 5டபிள்யூ-30 வகை ஆயில் ஒன்றின் பாகுத்தன்மை 40 டிகிரியில் 60 சென்டிஸ்டோக்ஸ் சொச்சம் இருக்கும். 100 டிகிரியில் 10 அல்லது 11. இன்னும் ஒரு 40 டிகிரி ஏறினால் அதிலும் பாதிதான் மிஞ்சும்.

அந்தப் பாகுத்தன்மையில்தான் எஞ்சினின் உயிர் இருக்கிறது. ஓடும் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சுழலும் தண்டு ஆயிலைத் தன்னோடு இழுத்து, ஆப்பு வடிவ இடுக்குக்குள் திணித்து, அந்த அழுத்தத்தின் மேல் மிதக்கிறது. சுமை உச்சத்தில் இருக்கும்போது அந்தப் படலத்தின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் கிட்டத்தட்ட 70 மைக்ரான். ஆயில் நீர்த்துப்போனால் படலம் இன்னும் மெலியும். உலோகத்தை உலோகம் தொடும். பேரிங் உருகிச் சிதையும். எஞ்சினை மொத்தமாகப் பிரிக்க வேண்டிய செலவு அதன் பின்னால் வரும். இன்னொரு கெடுதல் மெதுவாக நடக்கிறது: ஆயில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும் வேகம், சூடு 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு.

ஆக, ஆயிலைக் குளிர்விக்க வேண்டும். அதற்கான கூலர் பார்வைக்கு எளிய சாமான்தான்: அலுமினியத் தகட்டுக் குழாய்களை அடுக்கி, நடுநடுவே மெல்லிய மடிப்புத் தகடுகளை வைத்த குட்டி ரேடியேட்டர். ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 பைக்கின் முன்புறம் ஃபிரேம் குழாய்களுக்கு நடுவே இருப்பது இதுவேதான். அந்த எஞ்சினில் தண்ணீரே கிடையாது. 1998 வரை வந்த பழைய போர்ஷே 911 கார்களிலும் தண்ணீர் இல்லை. எஞ்சின் பின்னால் இருக்க, ஆயில் காரின் நீளம் முழுக்கப் பயணப்பட்டு முன்பக்க மட்கார்டுக்குள் இருக்கும் கூலருக்குப் போய்வந்த மாடல்கள் உண்டு. எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் ஒரு தனி மரியாதை.

பார்க்க எளிமை, உள்ளே சூட்சுமம். வெப்பத்தைக் கடத்துவதில் ஆயில் ஒரு மந்தம். தண்ணீரோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கடத்தும். குழாயின் சுவரை ஒட்டி ஓடும் ஆயில் குளிர்ந்ததும் கெட்டியாகி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டல் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிட, நடுவில் ஓடும் சூடான ஆயில் சுவரைத் தொடாமலே நழுவி வெளியேறிவிடும். அதனால் நல்ல கூலர்களின் தகடுகளுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நெளிந்த உலோக வலைகளை வைத்திருப்பார்கள். ஆயில் அவற்றில் மோதிப் புரண்டு கலங்கித்தான் போக வேண்டும். விலை மலிந்த கூலருக்கும் ஸ்வீடனின் செட்ராப் போன்ற பெயர்பெற்ற தயாரிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். அது உள்ளே இருக்கிறது.

எவ்வளவு சூட்டை இது வெளியேற்றும்? ஒரு உத்தேசக் கணக்கு போடலாம். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஆயில் கூலர் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையில் அது விநாடிக்கு 400 கிராம். உள்ளே போனதைவிட 15 டிகிரி குறைந்து வெளியே வந்தால், காற்றுக்குக் கைமாறிய வெப்பம் 13 கிலோவாட் அளவில் இருக்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் பதின்மூன்றை ஒரே நேரத்தில் எரியவிட்டதற்குச் சமம்.

வெளியில் வாங்கி மாட்டும்போது வழி இப்படி அமையும். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் எனும் வட்டத் தட்டை வைப்பார்கள். பம்ப் அனுப்பும் ஆயில் அங்கிருந்து ஒரு ஹோஸ் வழியாகக் கூலருக்குப் போய் இன்னொன்றில் திரும்பும். 370இசட் எஞ்சினில் ஏறத்தாழ 5 லிட்டர் ஆயில் பிடிக்கும். கூலரும் ஹோஸும் நிரம்ப அதற்கு மேலும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும். அந்தத் தட்டுக்குள் இருக்கும், சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் சின்ன தெர்மோஸ்டாட்டை மறந்துவிட்டுப் பலரும் கூலரின் அளவைப் பற்றியே பேசுகிறார்கள். அடுக்கிய குழாய்கள் 19 வரிசை போதுமா, 34 வரிசை வேண்டுமா என்ற விவாதத்துக்கு முடிவே இல்லை. என்னைக் கேட்டால் தெர்மோஸ்டாட் இல்லாத பெரிய கூலரைவிடக் கூலரே இல்லாமல் இருப்பது மேல், குறைந்தபட்சம் சாலையில் ஓடும் காருக்கு.

ஏனென்றால் ஆயில் சூடாகாமல் இருப்பதும் கேடுதான். எரிப்பில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். ஆயில் 100 டிகிரியை ஒட்டிச் சூடானால்தான் அவை ஆவியாகிப் போகும். குளிர்நாட்டுக் காலையில் 60 டிகிரியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் ஆயிலில் ஈரம் தங்கி, நாளடைவில் வண்டல் சேரும். கெட்டியான ஆயிலைத் தள்ளவே எஞ்சினின் பலம் வீணாகும். தெர்மோஸ்டாட் 80 டிகிரி வாக்கில் திறக்கும்வரை பெரும்பாலான ஆயிலைக் கூலர் பக்கம் விடாது. கொஞ்சத்தை மட்டும் எப்போதும் கசியவிடும் வகைகள் உண்டு. கதவு திறந்ததும் கூலருக்குள் இருந்த பச்சைத்தண்ணீர்ச் சூட்டு ஆயில் மொத்தமாக எஞ்சினுக்குள் பாயக்கூடாதே!

இடம் பார்த்து மாட்டுவது அடுத்த தலைவலி. பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் காற்று நிறையக் கிடைக்கும். ஆனால் கூலரைத் தாண்டிச் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் போகும். ஆயிலுக்கு நல்லது செய்யப்போய்த் தண்ணீர் சூடாகும். காற்று உள்ளே வர வழி இருந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். பின்பக்கம் அடைபட்டிருந்தால் காற்று கூலரின் ஓரங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அப்புறம் 34 வரிசை இருந்தாலும் ஒன்றுதான், 10 இருந்தாலும் ஒன்றுதான். ஹோஸ் எங்காவது உரசித் தேய்ந்து கிழிந்தால் அதைவிட மோசம்: பம்ப் தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கும், ஆயில் முழுவதையும் சாலையில் கொட்டிவிடும்.

பழைய கூலர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் அது எந்தக் காரிலிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும். பேரிங் போன எஞ்சினிலிருந்து கழற்றியதாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உதிர்ந்த உலோகத் துகள்கள் அந்த நெளிவு வலைகளுக்குள் சிக்கிக் கிடக்கும். எந்தக் கரைசல் ஊற்றிக் கழுவினாலும் எல்லாம் வந்துவிட்டதா என்று சொல்ல முடியாது. அதனால்தான் எஞ்சின் சிதைந்த காரைப் பிரிக்கும் நல்ல மெக்கானிக், ஃபில்டரோடு கூலரையும் சேர்த்துக் குப்பைக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.