மூச்சு முட்டாமலே வரும் மயக்கம்

2005 ஆகஸ்ட் 14 காலை, சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பியது ஹீலியோஸ் ஏர்வேஸின் போயிங் 737. உள்ளே 121 பேர். அன்று அதிகாலை காற்றுக் கசிவைச் சோதித்தபோது 'மேனுவல்' பக்கம் திருப்பிய ஒரு சுவிட்ச், திரும்ப 'ஆட்டோ'வுக்கு வரவில்லை.

விமான எஞ்சின் அழுத்தித் தரும் காற்றில் ஒரு பங்கு கேபினுக்குள் வந்துகொண்டே இருக்கும். பின்பக்கத்தில் உள்ள ஒரு வால்வு அதை அளவாக வெளியே விடும். அடியில் ஓட்டையுள்ள வாளிக்குக் குழாயைத் திறந்துவிட்டு, ஓட்டையை விரலால் கூட்டிக் குறைப்பது போலத்தான். ஆட்டோவில் அந்த விரல் தானாக நகரும். மேனுவலில் விமானிதான் நகர்த்த வேண்டும். அன்று யாரும் நகர்த்தவில்லை. விமானம் ஏற ஏற உள்ளே அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது.

எச்சரிக்கை ஒலித்தது. ஆனால் ஓடுபாதையில் வேறொரு கோளாறுக்கும் அதே ஒலிதான். விமானிகள் அதைத்தான் நினைத்தார்கள். சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறதா என்று தான் கேட்டதாகத் தரையிலிருந்த பொறியாளர் பின்னர் சொன்னார். கேப்டனோ சம்பந்தமில்லாத சர்க்யூட் பிரேக்கர்கள் எங்கே என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் தூண்டுவது ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. உயரத்தில் அது வழக்கம்போல வெளியேறிவிடும். குறைவது ஆக்சிஜன் மட்டும். காற்றில் அதன் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் 34,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால்வாசி. ரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ள அது போதாது. வலி இல்லை, திணறல் இல்லை. சிலருக்கு உற்சாகம்கூட வரும். யோசிக்கும் திறன்தான் முதலில் போகும். அப்புறம் ஆபத்தில் இருக்கிறோம் என்பது எப்படித் தெரியும்?

அந்த உயரத்தில் கேபின் அழுத்தம் திடீரென்று போனால், சுயநினைவோடு செயல்பட ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. குழந்தைக்கு மாட்டுமுன் உங்கள் மாஸ்க்கை மாட்டுங்கள் என்று சொல்வது அதனால்தான். மாஸ்க்கை இழுத்ததும் மேலே ஒரு டப்பாவில் சோடியம் குளோரேட் சூடாகி ஆக்சிஜனைத் தரும். சுமார் 12 நிமிடம் வரும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிட வேண்டும் என்பதே கணக்கு.

ஹீலியோஸ் விமானத்தில் பயணிகளின் மாஸ்க்குகள் தாமாக விழுந்தன. விமானி அறையில் மாஸ்க் தானாக விழாது. கையால் எடுத்து மாட்ட வேண்டும். கிரேக்க போர் விமானங்கள் அருகே போய்ப் பார்த்தபோது கேப்டனின் இருக்கை காலியாக இருந்தது, துணை விமானி சாய்ந்து கிடந்தார். எரிபொருள் தீரும்வரை பறந்த விமானம் ஏதென்ஸுக்கு அருகே ஒரு மலைச்சரிவில் விழுந்தது. யாரும் பிழைக்கவில்லை.