அயோடின் உப்பும் குறைந்த சோடியமும்: தென்னாப்பிரிக்க விதிகள் என்ன சொல்கின்றன?

தென்னாப்பிரிக்காவில் உப்புக்கு முக்கியமாக இரண்டு விதிகள் உண்டு. வீட்டு உப்பில் அயோடின் சேர்க்க வேண்டும் என்கிறது ஒன்று. ரொட்டி, நூடுல்ஸ், சூப் கட்டி போன்றவற்றில் சோடியத்தைக் குறைக்க வேண்டும் என்கிறது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் அடுப்படிக்கு எது தேவை என்று புரியும்.

1954 முதல் இங்கே விருப்பப்பட்ட உற்பத்தியாளர்கள் அயோடின் சேர்த்து வந்தார்கள். அது போதவில்லை. 1995 டிசம்பரில் கட்டாயமாக்கினார்கள்: ஒரு கிலோ உப்பில் 40 முதல் 60 மில்லிகிராம் அயோடின். பிறகு அந்த வரம்பு 35 முதல் 65 என்று மாறியது. சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். டர்பன் போன்ற ஈரக்காற்று ஊரிலும் ஓரளவு தாங்கும் என்றாலும், உப்பு டப்பாவை மூடியே வையுங்கள்.

அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை, அதாவது தைராய்டு சுரப்பியின் வீக்கம், வரும். அது கண்ணுக்குத் தெரியும். கர்ப்ப காலத்தில் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அது வெளியே தெரியாமலே நடந்துவிடும், அதனால்தான் இந்த விதியை நான் பெரிதாக மதிக்கிறேன். பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் 250.

மீன், முட்டை, பால் ஆகியவற்றில் அயோடின் கிடைக்கும். புரட்டாசி முழுக்க மீனும் முட்டையும் தொடாத வீடுகளிலும், வருடம் முழுக்கச் சைவமாக இருப்பவர்களிடமும் உப்பின் பங்கு கூடுகிறது. இந்துப்பு நல்லது என்று மாறியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அதில் இயற்கையாக உள்ள அயோடின் மிகவும் கொஞ்சம். மாட்டுக்கென்று விற்கும் மலிவு உப்பில் சமைக்கவே வேண்டாம். வடக்கு மாகாணங்களில் சில வீடுகளில் அப்படிச் சமைப்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. உணவுத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் உப்புக்கு அயோடின் கட்டாயமில்லை. ஆக, ரொட்டியும் சிப்ஸும் பாக்கெட் உணவுமாகச் சாப்பிடுபவருக்குச் சோடியம் நிறையக் கிடைத்தும் அயோடின் கிடைக்காமல் போகலாம்.

சரி, அயோடின் உப்பால் தைராய்டு கெடுமா? நாளுக்கு 5 கிராம் உப்பு சேர்த்தால் கிடைப்பது 175 முதல் 325 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 600. அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை. பத்து கிராம் சாப்பிட்டால் அந்த வரம்பை எட்டிவிடலாம், ஆனால் அதற்கு முன்பே ரத்த அழுத்தம்தான் கவலை. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களும், கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குத் தயாராகிறவர்களும் மருத்துவர் சொல்படி நடக்க வேண்டும்.

அப்புறம் சோடியம். 2013இல் அறிவித்த விதி 2016 ஜூன் 30இலும் 2019 ஜூன் 30இலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ரொட்டிக்கு 100 கிராமில் முதலில் 400 மில்லிகிராம், பிறகு 380. பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தருவது, சாப்பிடுகிறோம் என்று வையுங்கள். கால் ரொட்டி சுமார் 150 கிராம். வரம்பை ஒட்டிய ரொட்டி என்றால் அதில் மட்டும் 570 மில்லிகிராம் சோடியம், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை கிராம் உப்பு. உள்ளே ஊற்றும் கறியின் உப்பு தனிக்கணக்கு. ஒரு நாளுக்கான வரம்பே 5 கிராம்தான். ரொட்டி உப்பைச் சட்டம் குறைத்தது. குழம்பு உப்பை நாம்தான் குறைக்க வேண்டும்.

‘லோ சோடியம்’ உப்பு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பலருக்கு ரத்த அழுத்தம் குறைய அது உதவும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் உடலில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டும். அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா இருக்கும் வீட்டில் அதை வாங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கடையில் பாக்கெட்டைத் திருப்பி, அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் உப்பைக் கொட்டிவிடாமல் பாக்கெட்டோடு நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரியிடம் புகார் கொடுங்கள். இந்த உணவு விதிகளைக் கடைகளில் சரிபார்ப்பது அவர்கள் வேலை.