பாக்ஸ் ஸ்கோர்: பெட்டியா, கட்டமா, கணக்கா?

ஒரு பேஸ்பால் ஆட்டம் முழுவதையும் உள்ளங்கை அகல இடத்துக்குள் பொடி எழுத்து எண்களாக அடக்கி, அமெரிக்க நாளிதழ்கள் மறுநாள் வெளியிட்டுவந்த அட்டவணைக்குப் பாக்ஸ் ஸ்கோர் என்று பெயர். மட்டையாளர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி உண்டு. அவர் எடுத்த ஓட்டங்களும் ஹிட்டுகளும் (தன் அடியாலேயே ஒரு தளத்தை, அதாவது ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் ஒன்றை, எட்டிய முறைகளும்) அந்த வரியில் நிற்கும். பந்தெறிந்தவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு.

இங்குள்ள 'பாக்ஸ்', மட்டையாளர் நிற்பதற்காக ஆடுகளத்தில் வரையப்படும் கட்டத்தைக் குறிப்பதன்று; நாளிதழில் அட்டவணை கட்டம் கட்டி அச்சிடப்பட்டதால் வந்த பெயர் அது. 'ஸ்கோர்' இன்னும் பழைய சொல். நோர்ஸ் மொழியில் அதன் மூலம் வெட்டுக்குறியைச் சுட்டியது. குச்சியில் கீறி எண்ணிக்கை வைத்த வழக்கத்திலிருந்து ஆட்டத்துக்கு வந்தது. சுவரில் கரிக்கோடு கிழித்துப் பால் கணக்கு வைத்த நம் வீடுகளுக்கு இது புரியாத வழக்கமன்று.

இத்தகைய அட்டவணை 1845 அக்டோபரிலேயே, நியூயார்க் அணியும் புரூக்ளின் அணியும் ஆடிய ஆட்டத்துக்காக நாளிதழில் வந்திருக்கிறது. ஆயினும் அதற்குச் செம்மையான வடிவம் தந்தவராகப் போற்றப்படுபவர், இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் 1824-இல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறி, கிரிக்கெட் செய்தியாளராக இருந்து பேஸ்பாலுக்கு வந்த ஹென்றி சாட்விக். கிரிக்கெட் ஸ்கோர்கார்டின் சாயல் இதில் தெரிவது தற்செயலன்று.

இனித் தமிழுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் வைத்துப் 'பெட்டி மதிப்பெண்' என்றால் தேர்வுத்தாள்தான் நினைவுக்கு வரும். 'பாக்ஸ்' என்பதற்குப் 'பெட்டிச் செய்தி' என்ற இதழியல் வழக்கு முன்மாதிரியாக இருந்தாலும், எண்கள் நிரலும் நிரையுமாக அமைவதால் 'கட்டம்' என்பதே பொருந்தும். (அரசியல் பேச்சில் 'கட்டம் கட்டுவது' கட்சியிலிருந்து நீக்குவது, அந்தக் குழப்பம் இங்கே நேராது.)

'ஸ்கோர்' என்பதைக் 'கணக்கு' என்றே சொல்ல வேண்டும் என்பது என் துணிபு. ஏனெனில் இந்த அட்டவணை பேரேட்டைப் போல நேராக வேண்டும். ஓர் அணியில் மட்டை பிடிக்க வந்த முறைகளின் மொத்தம், அந்த அணி எடுத்த ஓட்டங்கள், தளங்களில் தேங்கி நின்றுவிட்டவர்கள், ஆட்டமிழந்தவர்கள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வராவிட்டால், எழுதியவர் எங்கோ பிழை செய்திருக்கிறார். 1956 அக்டோபர் 8 அன்று, அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், யாங்கீஸ் அணியின் டான் லார்சன் பந்தெறிய, டாட்ஜர்ஸ் அணியில் ஒருவர்கூடத் தளம் ஏறவில்லை. அந்த அணியின் கணக்கு: வந்த முறைகள் 27, ஓட்டம் 0, தேங்கியவர் 0, ஆட்டமிழப்பு 27. ஒன்பது சுற்றும் (இன்னிங்ஸ்) மட்டை பிடித்த அணிக்கு இதைவிடச் சுருக்கமாக ஒரு கணக்கு நேராக முடியாது.

ஆகவே 'கட்டக் கணக்கு' என்று வழங்கலாம். சுற்றுவாரியாக ஓட்டங்களை அணிக்கு ஒரு வரியில் தரும் 'லைன் ஸ்கோர்' அப்போது 'வரிக் கணக்கு' ஆகும். ஸ்கோரர் 'ஆட்டக் கணக்கர்' ஆவார். ஆனால் ஒரு பந்து தவறவிடப்படும்போது அது மட்டையாளரின் ஹிட்டா, தடுப்பவரின் பிழையா என்று தீர்ப்புச் சொல்பவரும் அவரே என்பதால், 'கணக்கர்' என்னும் சொல் அங்கே சற்றுக் குறைபடுகிறது.