நகாகோ: தமிழில் ‘உட்காம்பு’

ஜப்பானியப் படைவாள் அசலா போலியா என்று பார்க்க வருபவர்கள் முதலில் உறையையும் கைக்காப்பையும் பிடிக் கயிற்றையும்தான் தடவிப் பார்க்கிறார்கள். இவை எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. நம்பத்தக்க சாட்சி பிடிக்குள் இருக்கிறது. வாளின் அலகு அடியில் நீண்டு பிடிமரத்துக்குள் செருகி நிற்கும் அந்த இரும்புத் துண்டின் பெயர் நகாகோ. நடுவில் வரும் ககரத்தைப் ‘பக்கம்’ என்பதில் போல அழுத்திச் சொல்ல வேண்டும்.

‘நக’ என்றால் உள், நடு. ‘கோ’ என்றால் பிள்ளை. முலாம்பழத்தின் விதை நிறைந்த நடுப்பகுதிக்கும், வார்ப்பட வேலையில் அச்சுக்குள் வைக்கும் கருவுக்கும் இதே சொல்தான். ஆனால் வாளைப் பற்றி எழுதும்போது செடியின் தண்டைக் குறிக்கும் சீன எழுத்தை இட்டு, அதை நகாகோ என்று படிப்பார்கள். ஆக ஒலியில் ‘உள்’, எழுத்தில் ‘தண்டு’.

ஆங்கில வழியில் ‘டேங்’ என்று எழுதினால் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும். ‘காம்பு’ என்று மட்டும் சொன்னால் மண்வெட்டிக் காம்பு போலப் பிடியையே குறித்துவிடும். ‘உட்காம்பு’ என்றால் ஒலியின் பொருளும் எழுத்தின் பொருளும் சேர்ந்து வருகின்றன, குழப்பமும் இல்லை. கூடவே வரும் சொற்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம்: குன்தோ படைவாள், மெகுகி மூங்கில் முளை, ஹபாக்கி அலகடிப் பூண், மெய் பெயர்ப்பொறிப்பு, கிமெய் பொய்ப்பொறிப்பு.

உட்காம்பைப் பார்க்க, பிடியையும் உட்காம்பையும் குறுக்கே துளைத்து நிற்கும் மூங்கில் முளையை எடுக்க வேண்டும். முளை ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். மெலிந்த பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியால் தட்டினால் வெளியே வரும். சில வாள்களில் இரண்டு முளைகள் உண்டு. ஒன்றை மறந்துவிட்டு இழுத்தால் பிடிமரம் பிளந்துவிடும். பிறகு அலகு மேல்நோக்கிச் சாய்ந்திருக்க, இடக்கையால் பிடியைப் பற்றி, அந்த மணிக்கட்டில் வலக்கை முஷ்டியால் தட்டினால் உட்காம்பு தளரும். கைக்காப்பைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது.

வெளியே வந்ததும் முதலில் துருவைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால உட்காம்பு எண்பது ஆண்டுப் பழுப்பில் இருக்கும். அரம் இழுத்த கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரியும். சில நூற்றாண்டு பழைய அலகென்றால் துரு கருத்து இறுகி, கோடுகள் மங்கியிருக்கும். எங்கும் ஒரே செம்மஞ்சளாக, விரலில் பொடியாக ஒட்டும் துரு அமிலமோ உப்போ தடவி வரவழைத்ததாக இருக்கலாம்.

அடுத்தது பொறிப்பு. 10 மடங்கு லென்ஸ் இங்கேதான் தேவை. கொல்லர் முதலில் அரத்தால் இழைப்பார், பிறகு உளியால் பெயரை வெட்டுவார். எனவே எழுத்து அரக்கோடுகளை வெட்டிக்கொண்டு போக வேண்டும். உளி தள்ளிய இரும்பு எழுத்தின் கரையில் மெல்லிய வரப்பாக எழும்பி நிற்கும். அந்த வரப்பு அரத்தில் மழுங்கியிருந்தால் வரிசை தலைகீழாகியிருக்கிறது. கரை தட்டையாக, கோடு முழுக்க ஒரே ஆழத்தில் இருந்தால் அது இயந்திரமோ அமிலமோ செய்த வேலை. எழுத்தின் பள்ளத்துத் துரு சுற்றுப்புறத் துருவைவிட வெளிறியிருந்தால், பழைய அலகில் பின்னால் யாரோ பெரிய கொல்லர் பெயரை ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும்.

தேதி பெரும்பாலும் பெயருக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அது ஷோவா ஆண்டில், அதாவது பேரரசர் ஹிரோஹிதோவின் ஆட்சி ஆண்டுக் கணக்கில் இருக்கும். அதோடு 1925ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும்: ஷோவா 18 என்றால் 1943. ஷோவா 20க்குப் பிந்திய தேதியுள்ள அலகு படைவாள் உடையில், அதாவது படைவாளின் பிடி, கைக்காப்பு, உறை ஆகியவற்றோடு வந்தால், உடையும் அலகும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. 1945இல் ஜப்பானியப் படையே கலைக்கப்பட்டுவிட்டதே!

முத்திரை இருந்தால் அது ‘அசல்’ என்ற சொல்லையே இரண்டாக்கிவிடும். செக்கி ஊர் முத்திரையோ ஷோவா முத்திரையோ உள்ள அலகு உண்மையான போர்க்கால வாள்தான். ஆனால் பழைய முறையில் மடித்தடித்துச் செய்ததல்ல என்றே சேகரிப்பாளர்கள் கொள்வார்கள். நட்சத்திர முத்திரை படையின் அங்கீகாரம் பெற்ற கொல்லருடையது. அவர்கள் மரபு எஃகான தமஹகானேயால் அடித்தவர்கள். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது. அதிகாரிகள் வாளைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கியவர்கள். குடும்பத்து முன்னோர் வாளையே 1934 அல்லது 1938 மாதிரி உடையில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. சாதாரணப் படை உடைக்குள் கூடுதல் துளைகளோடு, கீழே வெட்டிக் குறைக்கப்பட்ட உட்காம்பு வெளிப்பட்டால் அவசரப்பட்டு ஒதுக்கக் கூடாது. அது பழைய நீண்ட வாளைச் சுருக்கியதாக இருக்கலாம்.

1935 மாதிரி, அதாவது அதிகாரி அல்லாதோர் வாள், இந்தச் சோதனைக்கு வெளியே. அது தொழிற்சாலை இயந்திரத்தில் செய்தது. கொல்லர் பெயர் இருக்காது, பிடியும் முளைக்குப் பதில் திருகாணியில் நிற்கும். அங்கே அலகின் அடியில் குத்திய எண்ணும் உறையின் எண்ணும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த மாதிரியிலும் சந்தையில் போலிகள் வருகின்றன.

உட்காம்பில் கம்பித் தூரிகையோ உப்புத்தாளோ படவே கூடாது. எண்ணெய் அலகுக்கு மட்டும். துருவைச் சுரண்டினால் அரக்கோடும் வரப்பும் பள்ளத்தின் நிற வேறுபாடும் ஒன்றாகப் போய்விடும். அசல் வாளாகவே இருந்தாலும் அதன்பின் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, விலையும் இறங்கிவிடும்.