முதலில் அவனுடைய ஒரு நாளைச் சொல்லுங்கள்

"கிளாஸில் ஒரு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறான்னு மிஸ் சொல்றாங்க டாக்டர். ஆனா போனைக் கொடுத்தா ரெண்டு மணி நேரம் அசைய மாட்டான்." இதைச் சொல்லாத பெற்றோர் என்னிடம் வருவது அபூர்வம். அப்படியானால் கவனம் இருக்கிறது, திமிர்தானே என்று அடுத்து கேட்பார்கள்.

இல்லை. ஷார்ட்ஸ் வீடியோ சில நொடிகளுக்கு ஒருமுறை புதிதாக எதையாவது நீட்டிக்கொண்டே இருக்கிறது. குழந்தை எந்த முயற்சியும் எடுக்க வேண்டியதில்லை. கரும்பலகை அப்படி இழுக்காது. மனம் நழுவும்போது அவனே அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த பிரச்சினை, உள்ள குழந்தைக்குக் கஷ்டமே அதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், இதற்காக நிறைய அம்மாக்கள் என் அறையில் அழுதிருக்கிறார்கள். ஏ.டி.எச்.டி. வளர்ப்பால் வருவதில்லை. அது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் மரபின் பங்கை 70 முதல் 80 சதவீதம் என்று காட்டுகின்றன. "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட" என்று வீட்டில் யார் சொன்னாலும் அது தவறு. ஆனால் இருக்கிற சிரமத்தை அன்றாட வாழ்க்கை கூட்டும், குறைக்கும். அதனால் மதிப்பெண் அட்டையைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் ஒரு நாளைச் சொல்லச் சொல்கிறேன்.

சமீபத்தில் வந்த இரண்டாம் வகுப்புப் பையனின் நாள் இது. காலை 6 மணிக்கு எழுப்புகிறார்கள். போனைப் பார்த்தபடி அம்மா ஊட்டும் இரண்டு இட்லி. 7 மணிக்கு வேன். மாலை டியூஷன், அப்புறம் அபாகஸ், ஹோம்வொர்க். அப்பா வேலை முடிந்து வர ஒன்பதரை. அதற்குப் பிறகுதான் வீடே கலகலப்பாகிறது, டிவி ஓடுகிறது. தூங்க 11. விளையாட்டு என்ற ஒன்றே அதில் இல்லை.

ஏழு மணி நேரத் தூக்கம். 6 முதல் 12 வயதுவரை 9 மணி நேரமாவது வேண்டும். தூக்கம் போதாவிட்டால் பெரியவர்கள் சோர்ந்து விழுவோம், பல குழந்தைகளோ துறுதுறுவென்று ஆடுவார்கள், சிடுசிடுப்பார்கள். பார்க்க அப்படியே ஏ.டி.எச்.டி. மாதிரி இருக்கும். எனவே ஒரே சந்திப்பில் பெயர் சூட்டிவிடக் கூடாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு பள்ளி என ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். இவனுக்கு ஏ.டி.எச்.டி. இருந்தது. தூக்கமின்மை அதன் மேல் இன்னொரு பாரமாக ஏறியிருந்தது.

அபாகஸை நிறுத்தி, அந்த ஒரு மணி நேரம் தெருப் பிள்ளைகளோடு ஓடட்டும் என்றேன். அப்பா யோசித்தாலும் ஒத்துக்கொண்டார். சாப்பாட்டிலிருந்து போனை எடுப்பதுதான் பெரும்பாடு. முதல் வாரம் தட்டைத் தள்ளிவிட்டான். "பிள்ளை பட்டினியா போகுதே" என்று பாட்டி மூன்றாம் நாளே போனைக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பேரன் மேல் உள்ள பாசம் அது. அடுத்த முறை அவரையும் வரச் சொன்னேன். ஊட்ட வேண்டாம் பாட்டி, நீங்களும் தட்டு வைத்துக்கொண்டு அவன் எதிரே உட்காருங்கள், ஊர்க் கதை சொல்லுங்கள் என்றேன்.

இப்போது ஒன்பதே காலுக்குப் படுக்கிறான். எழுதிக்கொண்டிருக்கும்போது எழுந்து ஓடுவது இன்னும் இருக்கிறது, முன்னளவு இல்லை என்கிறார் மிஸ். மருந்து தேவையா என்று அடுத்த மாதம் பார்க்கப் போகிறோம். தேவையென்றால் தயங்காமல் எழுதிக் கொடுப்பேன், பாட்டியிடமும் அதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.