முதல் முறை பனிச்சறுக்கா? வாடகைக் கடையில் பூட்ஸிலிருந்து தொடங்குங்கள்

பனிச்சறுக்குக் கருவிகளை வாடகைக்குக் கொடுக்கும் கவுன்ட்டரில் நிற்பது என் தொழில். முதன்முறையாக வரும் குடும்பங்களின் கண் நேராகச் சுவரில் சாத்தியிருக்கும் ஸ்கீ பலகைகளுக்குத்தான் போகிறது. எது புதியது, எது வேகமாகப் போகும், நீலமா சிவப்பா என்று விவாதம் நடக்கும். பூட்ஸைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கொடுத்ததை மாட்டிக்கொண்டு, "வலிக்கவில்லை, இதுவே போதும்" என்று எழுந்துவிடுகிறார்கள். புதிதாகக் கற்பவருக்குப் பலகை எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பூட்ஸ் சரியில்லை என்றால் முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

ஸ்கீ பூட்ஸின் அளவு சென்டிமீட்டர் கணக்கு. குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, மிக நீளமான விரலின் நுனிவரை அளந்து 26 சென்டிமீட்டர் வந்தால் உங்கள் அளவு 26. அன்றாடம் போடும் ஷூவின் எண்ணைச் சொன்னாலும் அட்டவணை பார்த்து மாற்றித் தருவோம். ஆனால் அது தோராயம்தான். அளக்கச் சொல்லிக் கேளுங்கள், இரண்டு கால்களையும். பெரும்பாலான தயாரிப்புகளில் 26க்கும் 26.5க்கும் வெளியே இருக்கும் கெட்டியான ஓடு ஒன்றேதான். "அரை அளவு பெரிதாகக் கொடுங்கள்" என்று வாங்கிப்போய் நிம்மதி அடைகிறவர் பல நேரம் அதே ஓட்டுக்குள்தான் காலை விட்டிருக்கிறார்.

மாட்டிக்கொண்டு நேராக நிமிர்ந்து நின்றால் விரல்கள் முன்பக்கத்தில் லேசாக முட்டும். இங்கேதான் பலர் பயந்துபோய்ப் பெரிய அளவு கேட்கிறார்கள். பக்கிள்களைப் பூட்டி, முழங்காலை முன்னோக்கி மடித்து, கீழ்க்காலின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கில் அழுந்தும்படி நின்று பாருங்கள். குதிகால் பின்னே போய் உட்காரும். விரல்களுக்கு இடம் கிடைத்துவிடும். சறுக்கும்போது நீங்கள் நிற்கப்போவது இப்படித்தான். அந்த நிலையில் குதிகால் மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் நீங்கள் கால் திருப்புவது பலகைக்குப் போய்ச் சேராது; பாதம் உள்ளே முன்னும் பின்னும் ஓடி நகம் கறுத்துவிடும், கீழ்க்கால் எலும்பு ஓட்டில் இடித்துக்கொண்டே இருக்கும். பூட்ஸ் சிறியதாக இருந்ததால்தான் வலித்தது என்று மறுநாள் கொண்டுவருகிறவர்களில் பலரிடம் நான் பார்ப்பது நேர்மாறு. பெரிய பூட்ஸுக்குள் காலை நிறுத்திவைக்கப் பக்கிளை இறுக்கு இறுக்கென்று இறுக்கியிருப்பார்கள்.

குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி சாக்ஸ் போடுவதும் அதே தொல்லையைத்தான் தரும். மெல்லிய, முழங்காலுக்குக் கீழ்வரை நீண்ட ஒரு ஜோடி போதும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு காலைக் குளிரவைக்கும். தடித்த சாக்ஸ் ரத்த ஓட்டத்தை நெருக்குவதால் விரல்கள் சீக்கிரம் மரத்துப்போகும். உள்ளே போடும் நீளக் காற்சட்டையின் ஓரம் பூட்ஸுக்குள் போகவே கூடாது. அந்தத் தையல் மடிப்பு ஒரு மணி நேரத்தில் கீழ்க்காலில் பதிந்துவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் சொல்லும் ஒரு வாக்கியம் எனக்கு இன்றுவரை புரியவில்லை: "வளருகிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே கொடுங்கள்." நான்கு நாள் வாடகைக்கு எடுப்பதில் எந்த வளர்ச்சிக்கு இடம் விடுவது? "சரியாக இருக்கிறதா?" என்று கேட்டால் வெளியே ஓடும் அவசரத்தில் குழந்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டும். ஆகவே அதன் பதிலை நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் மெத்தை உறையை உருவச் சொல்லுங்கள். வெறும் ஓட்டுக்குள் குழந்தை காலை விட்டு, விரல்கள் முன்னே தொடும்படி நிற்கட்டும். குதிகாலுக்குப் பின்னால் உங்கள் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அது வேண்டாம். அப்புறம் முழங்காலை மடிக்கச் சொல்லுங்கள். பூட்ஸ் வளையாமல் விறைத்து நின்றால் குழந்தை பின்பக்கம் சாய்ந்தே சறுக்கும், நிறுத்த முடியாது.

அடுத்தது படிவம். எடை, உயரம், வயது, எவ்வளவு தேர்ச்சி என்று கேட்பது ஆவணத்துக்காக அல்ல. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது எவ்வளவு விசையில் காலை விடுவிக்க வேண்டும் என்பதை இந்த விவரங்களோடு பூட்ஸின் அடிநீளத்தையும் சேர்த்துத்தான் வைக்கிறோம். அதற்கு ஐ.எஸ்.ஓ. 11088 என்ற சர்வதேசத் தர அட்டவணை இருக்கிறது. 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 50 வயதாகிவிட்டவர்களுக்கும் அது ஒரு படி குறைத்தே கணக்கிடுகிறது. பொதுவாக 70 கிலோ எடையுள்ள, மெதுவாகச் சறுக்கும் பெரியவருக்கு அந்த விசையைக் குறிக்கும் பைண்டிங் எண் 5ஐ ஒட்டி வரும். 20 கிலோ குழந்தைக்கு 1ஐ ஒட்டி. கணக்கு விளங்கத்தான் சொல்கிறேன், நீங்களே திருப்புளியை எடுத்துவிடாதீர்கள்.

எடையைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாத இடத்தில் பலகை கழன்றுவிடும். "என் மகன் பயப்படவே மாட்டான், நன்றாகப் போவான்" என்று தேர்ச்சியை உயர்த்திச் சொல்வது அதைவிட மோசம். கழல வேண்டிய நேரத்தில் கழலாது, கால் முறுக்கிக்கொள்ளும். போன வருடத்து எடையைச் சொல்லும் அப்பாக்கள் நிறையப் பேர். மற்றவர்கள் காதில் விழக் கூச்சமாக இருந்தால் எழுதிக்கொடுங்கள், எங்களுக்கு எண் மட்டும் போதும். சரியாக வைத்த பைண்டிங்கும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. கீழ்க்கால் எலும்பு முறிவிலிருந்து அது பெரிய அளவில் காப்பாற்றுகிறது. முழங்கால் தசைநார் கிழிவதற்கு அதனிடம் அவ்வளவு நல்ல விடை இல்லை. முதல் நாள் பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதிலிருந்தே நான் மிகவும் அஞ்சும் பழக்கத்துக்கு வருகிறேன். மதியத்துக்கு மேல் அண்ணனும் தம்பியும் பலகையை மாற்றிக்கொள்வார்கள். அம்மா களைத்துப்போனால் அவளுடையதை மகள் மாட்டிப் பார்ப்பாள். அண்ணன் எடைக்கு வைத்த பைண்டிங் தம்பியின் காலை விடாது. பூட்ஸின் அடிநீளம் வேறாக இருந்தால் பொருந்தியதுபோல் தோன்றிவிட்டு எந்த நொடியிலும் கழன்றுவிடும். தெரியாமலும் இது நடக்கிறது. உணவகத்து வாசலில் ஒரே நிறத்தில் வாடகைப் பலகைகள் வரிசையாக நிற்கும்; திரும்பி வந்து கைக்கு வந்ததை எடுத்துப் போய்விடுவார்கள். கடையிலிருந்து கிளம்பும் முன் ஒவ்வொருவருடைய பலகையிலும் பூட்ஸிலும் உள்ள எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற ஒட்டுநாடா ஒன்று சுற்றிவிட்டால் இன்னும் நல்லது.

பலகையின் நீளம் பெரியவர்களுக்குத் தாடைக்கும் மூக்குக்கும் இடையிலும், குழந்தைகளுக்கு நெஞ்சுக்கும் தாடைக்கும் இடையிலும் இருந்தால் போதும். குட்டையானது திருப்ப எளிது. கைக்கோலைத் தலைகீழாக்கி, வட்டத் தட்டுக்கு அடியில் பிடித்தால் முழங்கை செங்கோணமாக மடங்க வேண்டும்; சின்னக் குழந்தைகளுக்கு முதல் நாட்களில் கைக்கோலே வேண்டாம். ஹெல்மெட் பனிச்சறுக்குக்கென்றே செய்ததாக இருக்கட்டும், சைக்கிள் ஹெல்மெட் வேறு. வார் பூட்டாமல் தலையை உதறினால் நெற்றித் தோலும் அதோடு சேர்ந்து நகர வேண்டும். உள்ளே கம்பளித் தொப்பி வைத்து இடைவெளியை நிரப்பாதீர்கள்.

முடிந்தால் முந்தைய நாள் மாலையே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வரிசை நீளும், எங்களுக்கும் பொறுமை குறையும். மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நில்லுங்கள், நடந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் மறுநாள் ஓர் இடத்தில் அழுத்தினால், பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டாமல் கொண்டுவாருங்கள். வாடகைக் காலத்துக்குள் பூட்ஸ் மாற்றித் தருவது எங்கள் வேலையில் சாதாரணம். பூட்ஸ் மாறினால் அதே பலகையை எடுத்துக்கொண்டு வெளியேறிவிடாதீர்கள். பைண்டிங்கை மறுபடி வைத்துத் தரும்வரை நில்லுங்கள்.